பைல் வருவது நொடியில். கதவு திறப்பது நிமிடத்தில்!

கம்ப்யூட்டர்கள் பல உள்ள ஆபீசுகளில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம்.

எல்லோருடைய பைல்களும் ஒரே பொதுக் கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்கு 'சர்வர்' என்று பெயர். காலையில் வேலைக்கு வருகிறவர், தன் மேஜையில் உள்ள கம்ப்யூட்டரில் இருந்து சர்வரைத் திறப்பார். உடனே திறக்காது. ஒரு வட்டம் சுற்றும். 10 விநாடி ஆகும். 20 விநாடி ஆகும். சில இடங்களில் 2 நிமிடம் கூட ஆகும்.

ஆனால் ஒரு தடவை திறந்துவிட்டால் போதும். பெரிய பெரிய பைல்கள் கூட மளமளவென்று வந்து விழும்!

பைல் வேகமாக வருகிறது. கதவு மட்டும் மெதுவாகத் திறக்கிறது. ஏன்?

இதற்கு விடை தெரியாமல் பலர் பணத்தைச் செலவு செய்கிறார்கள். புதுக் கேபிள் போடுகிறார்கள். புது சர்வர் வாங்குகிறார்கள். அப்படியும் வட்டம் சுற்றுவது நிற்பது இல்லை.

காரணம் வேகக் குறைவு அல்ல. காத்திருப்பு!

ஒரு கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது.

அது என்ன கேள்வி? யாரிடம் கேட்கிறது? பதில் ஏன் வரவில்லை? பார்ப்போம்.

பரவையில் ஓர் அச்சகம்

மதுரையில் இருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது, பரவை. காய்கறி மார்க்கெட்டுக்குப் பெயர் பெற்ற ஊர்.

அங்கே ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோவில் திருவிழா நோட்டீஸ் அச்சடிக்கும் அச்சகம்.

அங்கே 4 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பத்திரிகையை அழகுபடுத்த ஓர் 'ஆப்பிள் மாக்'. எழுத்துக் கோக்கவும், கணக்கு எழுதவும் இரண்டு 'லினக்ஸ்' கம்ப்யூட்டர்கள். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் 'பிரீ பி.எஸ்.டி.' என்ற அமைப்பு ஓடுகிறது. அதுதான் சர்வர். எல்லாப் பத்திரிகைகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஆவணி மாதம். முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது. பெண் வீட்டார் வாசலில் வந்து நிற்கிறார்கள். சர்வர் திறக்கவில்லை.

"என்னப்பா, இன்னும் திறக்கலையா?" என்கிறார் முதலாளி.

"சுத்திக்கிட்டே இருக்குண்ணே" என்கிறான் பையன்.

"இந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிற வேண்டியதுதான்!"

அச்சகம் கற்பனைதான். ஆனால் இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் நடக்கிறது. பழி இரண்டு இடத்தில் விழும். ஒன்று, பழைய பெட்டி. மற்றொன்று, அதைப் பார்த்துக்கொள்ளும் பையன்.

பெரும்பாலும் இருவர் மீதும் குற்றம் இருக்காது!

ஒரே குடும்பம்

மாக், லினக்ஸ், பிரீ பி.எஸ்.டி. இவை மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெரியவர் பெயர் 'யூனிக்ஸ்'.

யூனிக்ஸ் 1969-ம் ஆண்டு அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதை உருவாக்கினார்கள். யூனிக்ஸ், கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. அந்த வழியில் 1993-ம் ஆண்டு பிரீ பி.எஸ்.டி. வந்தது. 2001-ம் ஆண்டு ஆப்பிள் கம்பெனியும் தன் மாக் கம்ப்யூட்டர்களுக்கு இதே குடும்பத்தில் பெண் எடுத்தது.

லினக்ஸ் கதை வேறு. பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர், 1991-ம் ஆண்டு, யூனிக்சைப் போலவே ஒன்றைப் புதிதாக எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. எழுதியதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதிது அல்ல. மத்திய அரசின் 'சி-டாக்' நிறுவனம், லினக்சைக் கொண்டு 'பாஸ்' என்ற அமைப்பைத் தயாரித்தது. சென்னையில் தயாரான இது, 2007-ம் ஆண்டு வெளிவந்தது. இதில் தமிழ் உள்பட இந்திய மொழிகளில் வேலை செய்யலாம்.

ஒரே குடும்பம் என்றாலும் ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் காபி குடிப்பார். தம்பி டீ குடிப்பார். மூன்று பேரையும் ஒரே வீட்டில் வைத்தால், யாருக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் குழப்பம்தான்.

தூரத்து அறை, பக்கத்து அறை

ஒரு கம்ப்யூட்டரில் உள்ள பைல்களை மற்றொரு கம்ப்யூட்டர், தன் சொந்த பைல் போலவே திறந்து பார்க்க முடியுமா?

முடியும் என்று காட்டியது, அமெரிக்காவில் இருந்த 'சன்' என்ற கம்பெனி. 1982-ம் ஆண்டு அதை நான்கு பேர் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா.

அந்தக் கம்பெனி 1984-ம் ஆண்டு 'என்.எப்.எஸ்.' என்ற முறையை உருவாக்கியது. அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதை மற்றக் கம்பெனிகளுக்கும் சொன்னது. அதனால் யூனிக்ஸ் குடும்பம் முழுவதும் அதைக் கற்றுக்கொண்டது. அதன் 3-ம் பதிப்பு 1995-லும், 4-ம் பதிப்பு 2000-லும் எழுத்து வடிவில் வெளிவந்தன.

தூரத்தில் உள்ள அறையைப் பக்கத்து அறை போல இணைத்துக்கொள்வதற்கு 'மவுண்ட்' செய்வது என்று பெயர். வட்டம் சுற்றுவது இந்த மவுண்ட் நடக்கும்போதுதான்.

காவலாளியும் லாரியும்

மவுண்ட் எப்படி நடக்கிறது என்பதை ஒரு காய்கறி மார்க்கெட்டைக் கொண்டு எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

ஒட்டன்சத்திரத்தில் இருந்து ஒரு லாரி தக்காளி ஏற்றிக்கொண்டு வருகிறது. மார்க்கெட் வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். கையில் ஒரு நோட்டு.

காவலாளி லாரியின் நம்பரைப் பார்க்கிறார். நம்பர் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உடனே விடவில்லை. நோட்டில் லாரிக்காரர் பெயரையும் எழுதுவது அவர் வழக்கம். பெயர் தெரியவில்லை. வெளியூர் ஆபீசுக்குப் போன் போடுகிறார்.

மணி அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

வேறு ஓர் ஆபீசுக்குப் போடுகிறார். அங்கும் எடுக்கவில்லை. மறுபடியும் முதல் ஆபீஸ். மறுபடியும் இரண்டாவது ஆபீஸ். லாரி நின்றுகொண்டே இருக்கிறது. கடைசியில் காவலாளி அலுத்துப் போய், "சரி, போங்க" என்று கதவைத் திறக்கிறார்.

உள்ளே போனதும் மூட்டைகள் மளமளவென்று இறங்குகின்றன!

இப்போது ஒரு கேள்வி. லாரிக்குப் புது எஞ்சின் போட்டால் காவலாளி சீக்கிரம் கதவைத் திறப்பாரா? சாலையை அகலப்படுத்தினால் திறப்பாரா?

மாட்டார். போனை எடுக்க ஆள் வேண்டும். அல்லது, போன் போட வேண்டிய தேவையே இருக்கக்கூடாது.

சர்வர் வாசலிலும் இதுவேதான் நடக்கிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒரு பெயரும் உண்டு. 'என்னைத் திற' என்று கேட்கும் கம்ப்யூட்டரின் நம்பர் சர்வருக்குத் தெரிகிறது. பெயர் தெரியவில்லை. அதை வெளியே விசாரிக்கிறது. பதில் வரும்வரை கதவு திறப்பது இல்லை.

கதவு திறந்த பிறகு, பைலுக்குப் பைல் இந்த விசாரணை கிடையாது. அதனால்தான் அப்புறம் வேகம்!

பெயர் சொல்லும் ஆபீஸ்

கம்ப்யூட்டர்களின் பெயர்களை யார் வைத்திருக்கிறார்கள்?

ஆதியில் உலகத்துக்கே ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அது இருந்தது. அதைப் பராமரித்த அலுவலகத்துக்குத் தலைமை வகித்தவர், எலிசபெத் பெயின்லர் என்ற பெண்மணி. புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அங்கே பதிவு செய்துகொள்வார்கள். மற்றவர்கள் அந்தப் பட்டியலை நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

கம்ப்யூட்டர்கள் பெருகின. ஒரு பட்டியல் போதவில்லை. 1983-ம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்ற விஞ்ஞானி, 'டி.என்.எஸ்.' என்ற புது ஏற்பாட்டை வகுத்தார். ஒரு தலைமை ஆபீசுக்குப் பதில், ஊருக்கு ஊர் பெயர் சொல்லும் ஆபீசுகள். இன்டர்நெட் இன்றும் அதை நம்பித்தான் நடக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல்.

நம் வீட்டிலும் ஆபீசிலும் உள்ள கம்ப்யூட்டர்களின் நம்பர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நம்பர்கள். இதே நம்பர்கள் உலகத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. பரவையில் உள்ள ஒரு கம்ப்யூட்டரின் பெயரை வெளியூர் ஆபீஸ் எப்படிச் சொல்லும்?

"எனக்குத் தெரியாது" என்று அது உடனே பதில் சொல்லிவிட்டால் கவலை இல்லை. சர்வர் மேலே வேலையைப் பார்க்கும். தெரியாது என்பதும் ஒரு பதில்தான். பதிலே வராமல் இருப்பதுதான் ஆபத்து.

ஒரு கேள்விக்கு 5 விநாடி காத்திருப்பது பொதுவான வழக்கம். இரண்டு ஆபீசுகளைக் கேட்டால் 10 விநாடி. இரண்டு சுற்று கேட்டால் 20 விநாடி. வட்டம் சுற்றிய 20 விநாடிக்குக் கணக்கு சரியாகிவிட்டது, அல்லவா?

இன்டர்நெட் அறுந்துபோன அன்று, ஆபீசுக்குள்ளேயே இருக்கும் சர்வரும் மெதுவாகத் திறப்பது உண்டு. அதற்கும் இதுதான் காரணம்!

காசு செலவு இல்லாத வைத்தியம்

அந்தக் காலத்துப் பட்டியல் இன்னும் சாகவில்லை. யூனிக்ஸ் குடும்பத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சின்ன பைல் உண்டு. வெளியே கேட்பதற்கு முன், வழக்கமாக இந்த பைலைத்தான் கம்ப்யூட்டர் பார்க்கும். அதில் பதில் இருந்தால் வெளியே போன் போடாது.

ஆகவே, ஆபீசில் உள்ள 4 கம்ப்யூட்டர்களின் நம்பரையும் பெயரையும் அதில் எழுதிவிட வேண்டும். 4 வரி. அவ்வளவுதான்!

இங்கே பலர் ஒரு விஷயத்தை மறந்து விடுகிறார்கள். மேஜைக் கம்ப்யூட்டரில் மட்டும் எழுதுகிறார்கள். சர்வரில் எழுதுவது இல்லை. பெயரை விசாரிப்பது காவலாளி அல்லவா? நோட்டு அவர் கையில்தானே இருக்க வேண்டும்? ஆகவே சர்வரில் கண்டிப்பாக எழுத வேண்டும்.

இன்னொன்று. ரவுட்டர், கம்ப்யூட்டர்களுக்கு நம்பர் கொடுக்கிறது. அது சில சமயம் நம்பரை மாற்றிவிடும். இன்று எழுதிய வரி நாளை பொய்யாகிவிடும். 'இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்போதும் இந்த நம்பர்' என்று ரவுட்டரில் நிலையாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

கடிகாரம் சொல்லும் துப்பு

எல்லாத் தாமதத்துக்கும் பெயர்தான் காரணமா? இல்லை. வேறு காரணங்களும் உண்டு. எது என்று கண்டுபிடிக்கக் கடிகாரம் உதவும்.

மூன்று தடவை மவுண்ட் செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை 3 விநாடி, ஒரு தடவை 11, ஒரு தடவை 6 என்று மாறி மாறி வந்தால், வேலைப் பளு அதிகம் என்று சந்தேகிக்கலாம். கேபிள் பழுதாகவும் இருக்கலாம்.

மூன்று தடவையும் அச்சு அசலாக ஒரே கணக்கு வந்தால், அது பளு அல்ல. காத்திருப்பு! யாரோ, 'இத்தனை விநாடி பார்ப்போம்' என்று கெடு வைத்துக் காத்திருக்கிறார்கள்.

5, 10, 20 என்று வந்தால் முதலில் பெயர் விசாரணையைச் சந்தேகப்படுங்கள்.

15 விநாடி என்றால் வேறு கதை. 2013-ம் ஆண்டு வாக்கில் வந்த சில லினக்ஸ் பதிப்புகளில், மவுண்ட் செய்யும்போதெல்லாம் சரியாக 15 விநாடி தாமதம் ஆனது. அடையாளச் சீட்டைச் சோதிக்கும் ஒரு துணை புரோகிராமை லினக்ஸ் கூப்பிட்டது. அந்தப் புரோகிராம் பல கம்ப்யூட்டர்களில் ஓடவே இல்லை. ஆள் இல்லாத அறையைத் தட்டிவிட்டு 15 விநாடி நின்றது! பின்னால் வந்த பதிப்புகளில் இந்தக் குறை சரி செய்யப்பட்டது.

2 நிமிடத்துக்கு மேல் என்றால்? அதற்குக் காரணம், பெரும்பாலும் ஊமைக் காவல்.

ஊமைக் காவல்

கம்ப்யூட்டரைத் திருடர்களிடம் இருந்து காப்பாற்ற 'பயர்வால்' என்ற தடுப்பு உண்டு. தடுப்பதில் இரண்டு வகை. "உள்ளே வராதே" என்று வாய் திறந்து சொல்வது ஒரு வகை. ஒன்றுமே சொல்லாமல் சும்மா இருப்பது இன்னொரு வகை.

வராதே என்று சொன்னால், வந்தவர் உடனே திரும்பிப் போவார். சும்மா இருந்தால்? காது கேட்கவில்லையோ என்று நினைத்துத் தட்டிக்கொண்டே இருப்பார்.

பல லினக்ஸ் பதிப்புகள் அப்படித்தான் தட்டுகின்றன. முதலில் தட்டிவிட்டு 1 விநாடி காத்திருக்கும். பிறகு 2 விநாடி. பிறகு 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 127 விநாடி. 2 நிமிடம் 7 விநாடி!

என்.எப்.எஸ். 3-ம் பதிப்புக்குப் பல கதவுகள் வேண்டும். 111-ம் நம்பர் கதவில் விசாரித்து, அனுமதி தருகிறவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, பிறகு 2049-ம் கதவுக்குப் போக வேண்டும். அனுமதி தருகிறவர் சர்வரை அணைத்துப் போடும்போதெல்லாம் இடம் மாறுவதும் உண்டு. நேற்று திறந்து வைத்த கதவு இன்று பயன்படாது.

4-ம் பதிப்புக்கு 2049 என்ற ஒரே கதவு போதும்.

லினக்ஸ் முதலில் 4-ம் பதிப்பைக் கேட்கும். மாக், நாமாகச் சொல்லாவிட்டால் 3-ம் பதிப்பைக் கேட்கும். பிரீ பி.எஸ்.டி. சர்வரில் 4-ம் பதிப்பை நாம்தான் இயக்கி வைக்க வேண்டும். இதுதான் அண்ணன் காபி, தம்பி டீ கதை! எல்லோருக்கும் எந்தப் பதிப்பு என்று எழுதி வைத்துவிட்டால் குழப்பம் தீரும்.

ஒரு வாரம் காத்திருக்கும் கம்ப்யூட்டர்

காலையில் சர்வரைப் போடாமல், மேஜைக் கம்ப்யூட்டரை முதலில் போட்டால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டர் சர்வரைத் தேடும். லினக்சில், கண் முன்னால் நடக்கும் மவுண்ட் 2 நிமிடம் முயன்று பார்க்கும். பின்னணியில் முயலும்படி சொல்லி வைத்தால் 10 ஆயிரம் நிமிடம் முயலும். ஒரு வாரத்துக்கு 80 நிமிடம்தான் குறைவு!

ஆகவே காலையில் முதலில் சர்வர். அது எழுந்த பிறகு மற்றவை. இல்லையென்றால், பைல் தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்துகொள்ளும் தானியங்கி முறையும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டால் கம்ப்யூட்டர் தொடங்கும்போது தாமதம் இராது.

இதை மட்டும் செய்யாதீர்கள்

அவசரத்தில் சிலர் தவறான வைத்தியம் செய்கிறார்கள்.

பயர்வாலை அடியோடு எடுத்து விடுகிறார்கள். 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று சர்வரைத் திறந்து விடுகிறார்கள். வட்டம் சுற்றுவது நிற்கலாம். ஆனால் உள்ளே இருப்பது என்ன? கடைக் கணக்கு, வாடிக்கைக்காரர்களின் முகவரி, போன் நம்பர், வீட்டுப் பெண்களின் போட்டோ. நம்பிக் கொடுத்தவர்களின் பொருள் அல்லவா அது?

வேறு சிலர், 'சாப்ட் மவுண்ட்' என்ற முறைக்கு மாறுகிறார்கள். இதில் சர்வர் பதில் சொல்லத் தாமதமானால், கம்ப்யூட்டர் கொஞ்ச நேரத்தில் கை விட்டுவிடும். பைலை எழுதிக்கொண்டு இருக்கும்போது கை விட்டால்? பாதி பைல் எழுதப்பட்டு இருக்கும். மீதி இருக்காது. 20 விநாடியை மிச்சம் பிடிக்கப்போய், இரண்டு நாள் வேலை பாழாகலாம்.

வரிசையாகச் செய்யுங்கள்

1. மூன்று தடவை மவுண்ட் செய்து, ஆகும் நேரத்தைக் குறியுங்கள்.

2. சர்வரின் பெயருக்குப் பதில் நம்பரைக் கொடுத்துப் பாருங்கள். வேகமாகத் திறந்தால், மேஜைக் கம்ப்யூட்டருக்குச் சர்வரின் பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்போதும் தாமதம் என்றால், சர்வருக்கு உங்கள் பெயர் தெரியாமல் இருக்கலாம்.

3. ஹோஸ்ட்ஸ் பைலில் எல்லோர் நம்பரையும் பெயரையும் எழுதுங்கள். சர்வரிலும் எழுதுங்கள்.

4. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பதிப்பைச் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய கதவை மட்டும், ஆபீசுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும், பயர்வாலில் திறந்து விடுங்கள்.

5. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மறுபடியும் நேரம் பாருங்கள். நான்கு மாற்றத்தை ஒரே சமயத்தில் செய்தால், எது குணப்படுத்தியது என்று தெரியாது.

இத்தனையும் செய்து பார்த்த பிறகும் தாமதம் போகவில்லை என்றால், அப்போது புது இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை. கம்ப்யூட்டர்களின் பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி, சர்வருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். இன்று இதைச் சரி செய்த பையன் நாளை வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாம். அடுத்து வருகிறவருக்கு அந்தத் தாள் வழி சொல்லும்.